கரக்பூர் மைதானத்தின் பெயரும் ஒரு உப்புக் கணக்கும்

கரக்பூர் ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் ஒரு விளையாட்டு மைதானம் இருக்கிறது. ஞான் கோஷ் ஸ்டேடியம் என்று பெயர். (வங்காளிகள் வாயில் அது 'கியான் கோஷ்'.) யார் இந்தக் கோஷ் என்று இங்கே யாரைக் கேட்டாலும், "ஐ.ஐ.டி.க்கு முதல் டைரக்டர்" என்று பதில் வரும். அதோடு நின்றுவிடும்.

அவர் டைரக்டர் ஆவதற்கு முப்பது வருடங்களுக்கு முன்பே, இருபத்தைந்து வயதுகூட ஆகாத நிலையில், கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு ஒரு கேள்விக்கு விடை சொல்லிப் பார்த்தார். உப்பு தண்ணீரில் கரையும்போது அங்கே என்னதான் நடக்கிறது? இதுதான் கேள்வி. அவர் சொன்ன விடையை ஐரோப்பா முழுக்கச் சில வருடங்கள் பேசினார்கள். அப்புறம் அது சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள். தள்ளியவர்களின் பெயர் நம் பிள்ளைகள் படிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தில் இருக்கிறது. கோஷ் பெயர் இல்லை. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன். வேதியியலுக்குப் பத்தாம் வகுப்போடு கும்பிடு போட்டாச்சு. பிறகு வாழ்க்கை முழுக்க வங்கிக் கணக்குதான். என் பெண் பன்னிரண்டாம் வகுப்பில் 'டிபை-ஹக்கெல்-ஆன்சாகர்' என்று ஒரு சமன்பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, "யாரம்மா இந்த மூணு பேரும்?" என்று கேட்கப்போய்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. படிக்கப் படிக்க எனக்குத் தெரிந்த உலகம் மாதிரியே இருந்தது. ஏனென்றால் இது அடிப்படையில் டாலி ஆகாத ஒரு கணக்கின் கதை.

டாலி ஆகாத கணக்கு

ஆஸ்பத்திரியில் ஏற்றும் பாட்டில்களை எல்லாரும் பார்த்திருப்போம். குளுக்கோஸ் பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது லிட்டருக்கு 50 கிராம். உப்புத் தண்ணீர் பாட்டிலில் 0.9 சதவீதம். லிட்டருக்கு 9 கிராம். இரண்டுமே நம் ரத்தத்தோடு கிட்டத்தட்ட ஒரே 'பலம்' உள்ளவை. அதனால்தான் நரம்பில் ஏற்றினால் ரத்த அணுக்கள் ஊதி வெடிப்பதும் இல்லை, சுருங்குவதும் இல்லை.

கரைசலின் இந்தப் பலம், கரைந்திருப்பது என்ன பொருள் என்பதைப் பொறுத்தது அல்ல. எத்தனை துகள்கள் என்பதைப் பொறுத்தது. தலையை எண்ணும் கணக்கு. அப்படியானால் 50 கிராம் குளுக்கோஸிலும் 9 கிராம் உப்பிலும் தலைகள் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், இல்லையா? ஒரு மூலக்கூறின் எடையை வைத்துக் கணக்குப் போட்டால் உப்பில் இருப்பது குளுக்கோஸில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல். அவ்வளவுதான். மீதித் தலைகள் எங்கிருந்து வந்தன?

இந்தக் குழப்பம் 1880களிலேயே வந்துவிட்டது. பிரான்சில் ரவூல் என்ற பேராசிரியர், தண்ணீரில் எதையாவது கரைத்தால் அது உறையும் வெப்பநிலை எவ்வளவு இறங்குகிறது என்று வரிசையாக அளந்தார். சர்க்கரை, கிளிசரின் இதெல்லாம் ஒழுங்காக ஒரே கணக்குக்கு வந்தன. சாப்பாட்டு உப்பு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு இறக்கியது. ஆம்ஸ்டர்டாமில் இருந்த வான்ட் ஹாஃப், கரைந்த பொருள் வாயுவைப் போலவே ஒரு அழுத்தம் கொடுக்கிறது, அதே விதிக்குக் கட்டுப்படுகிறது என்று அழகாகக் காட்டினார். ஆனால் உப்புக்கு மட்டும் கணக்கு சரிவராததால் 'ஐ' என்று ஒரு பெருக்கெண்ணைச் சேர்த்துச் சரிக்கட்டினார். எங்கள் பாஷையில் சொன்னால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். விளக்கம் கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

மார்க் குறைந்த மாணவர்

விளக்கம் ஸ்வீடனிலிருந்து வந்தது. ஸ்வாந்தே அரீனியஸ். 1884இல், இருபத்தைந்தாவது வயதில், கரைசல்களில் மின்சாரம் பாய்வது பற்றி உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு கொடுத்தார். பேராசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. தேர்ச்சி கொடுத்தார்கள். ஆனால் அந்த மார்க்கை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலைக்குப் போக முடியாது. அப்படி ஒரு தேர்ச்சி.

மனிதர் சும்மா இருக்கவில்லை. ஆய்வேட்டின் பிரதிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ரீகாவில் இருந்த ஆஸ்ட்வால்ட் அதைப் படித்துவிட்டு, அதே வருடம் நேரில் கிளம்பி உப்சாலாவுக்கே வந்துவிட்டார். வந்து தன்னிடம் வேலை தருவதாகவும் சொன்னார். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் தேடி வந்த பிறகுதான் உள்ளூரில் அரீனியஸுக்கு மதிப்பு வந்தது. (இது எந்த ஊரில்தான் இல்லை!)

1887இல் அரீனியஸ் தன் கருத்தைத் தெளிவாக எழுதினார். உப்பு தண்ணீரில் விழுந்தவுடன் சோடியம் அயனி, குளோரைடு அயனி என்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு தலை இரண்டு தலை ஆகிறது. அதனால்தான் இரட்டிப்பு. இதற்கு மின்சாரம் பாய்ச்ச வேண்டிய அவசியமே இல்லை. சும்மா கரைத்து வைத்தாலே போதும். சர்க்கரை பிரிவதில்லை, அதனால் சர்க்கரைத் தண்ணீரில் மின்சாரமும் பாய்வதில்லை. வான்ட் ஹாஃபின் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் க்ளோஸ் ஆனது.

எதிர்ப்பு பலமாக இருந்தது. சோடியம் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் உலோகம், குளோரின் விஷவாயு. இரண்டும் என் சூப்பில் தனித்தனியாக நீந்துகின்றனவா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒரு எலக்ட்ரானை இழந்த சோடியம் வேறு, உலோகச் சோடியம் வேறு என்பதுதான் பதில். ஆனால் எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்படாத காலத்தில் இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

இங்கிலாந்தில் ஆம்ஸ்ட்ராங் என்பவர் வேறு ஒன்றைக் கேட்டார். எல்லாவற்றையும் உப்புதான் செய்கிறதா, தண்ணீருக்கு ஒரு வேலையும் இல்லையா? அயனிகள் இல்லை என்று அவர் அடம்பிடித்தது நிற்கவில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றிக் கேட்டதில் விஷயம் இருந்தது. தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின்னாகவும், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின்னாகவும் இருக்கிறது. சோடியம் அயனியை ஆக்சிஜன் பக்கங்கள் சூழ்ந்துகொள்கின்றன. குளோரைடை ஹைட்ரஜன் பக்கங்கள். இப்படித் தண்ணீர் நடுவில் புகுந்து நிற்பதால், இரண்டு அயனிகளுக்கும் இடையிலான இழுப்பு வெற்றிடத்தில் இருப்பதில் ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மண்ணெண்ணெயில் உப்பைப் போட்டால் அப்படியே அடியில் கிடக்கும், கரையாது. கரைப்பானும் கரைபொருளும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு, 1901இல், வான்ட் ஹாஃபுக்குப் போனது. 1903இல் அரீனியஸுக்கு. 1909இல் ஆஸ்ட்வால்டுக்கு.

மறுபடியும் ஒரு வித்தியாசம்

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

உப்பு முழுவதும் பிரிவதில்லை, ஒரு பங்கு பிரிகிறது, ஒரு பங்கு சேர்ந்தே இருக்கிறது என்பது அரீனியஸ் கணக்கு. தண்ணீர் சேர்க்கச் சேர்க்கப் பிரிவு அதிகமாகும். இதற்கு ஆஸ்ட்வால்ட் 1888இல் ஒரு விதி எழுதினார். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்கு அந்த விதி கச்சிதமாகப் பொருந்தியது. சாதாரண உப்புக்கு? கொஞ்சமும் பொருந்தவில்லை. உப்பு, பொட்டாசியம் குளோரைடு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் மாதிரி நன்றாக மின்சாரம் கடத்தும் எல்லாமே விதிக்கு அடங்காமல் திமிறின. 'வலுவான மின்பகுளிகளின் முரண்' என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். எந்தப் பொருளை வைத்துக் கொள்கை பிறந்ததோ, அதே பொருள் கொள்கைக்கு உள்ளே வர மறுத்தது. முப்பது வருடம் இப்படியே ஓடியது.

ஜெர்மனியில் கோல்ராஷ் என்பவர் மிகத் துல்லியமாக அளந்து ஒன்றைச் சொல்லியிருந்தார். நீர்த்த கரைசலில் மின்கடத்தல் குறைவது, செறிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அளந்து பார்த்தால் அப்படித்தான் வருகிறது. ஏன் என்று தெரியாது.

கல்கத்தாவிலிருந்து ஒரு விடை

இப்போது நம் கோஷ் வருகிறார். ஞான் சந்திர கோஷ். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராயின் மாணவர். கூடப் படித்தவர்களின் பெயரைக் கேளுங்கள்: சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாஹா, ஞானேந்திரநாத் முகர்ஜி. ஒரே கல்லூரியில், ஒரே காலத்தில்! படிப்பு முடிந்தபின் கோஷ், அசுதோஷ் முகர்ஜி புதிதாகத் தொடங்கியிருந்த பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த சமயம்.

1918இல் லண்டன் கெமிக்கல் சொசைட்டியின் இதழில் வலுவான மின்பகுளிகளின் முரணைப் பற்றி அவருடைய கட்டுரைகள் வெளிவந்தன. அவர் யோசித்த விதம் இதுதான்.

1913இல் இங்கிலாந்தில் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ்-ரே மூலமாக உப்புப் படிகத்துக்குள் பார்த்திருந்தார்கள். அங்கே 'உப்பு மூலக்கூறு' என்று தனியாக ஒன்றும் இல்லை. சோடியமும் குளோரைடும் சதுரங்கக் கட்டம் மாதிரி மாறி மாறி அடுக்கியிருந்தன. திட உப்பிலேயே மூலக்கூறு இல்லையென்றால், கரைசலில் மட்டும் எப்படி முழு மூலக்கூறு இருக்கும்? ஆகவே கரைந்த உப்பு நூற்றுக்கு நூறு அயனியாகத்தான் இருக்கிறது. ஒரு பங்கு பிரிகிறது, ஒரு பங்கு சேர்ந்திருக்கிறது என்ற பேச்சே வேண்டாம் என்றார் கோஷ்.

முழு அயனியாக்கம் என்ற எண்ணம் அவருக்கு முன்பே சிலருக்கு இருந்தது. டென்மார்க்கில் பியெரம் 1909இல் சொல்லியிருந்தார். இங்கிலாந்தில் மில்னர் 1912இல் ஒரு கடினமான கணிதம் போட்டிருந்தார். ஆனால் எவரும் எடுத்துப் போட்டுப் பார்க்கக்கூடிய எளிமையான சூத்திரம் ஒன்றைக் கோஷ் கொடுத்தார்.

எல்லாமே அயனி என்றால் மின்கடத்தல் ஏன் குறைகிறது? அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால் என்றார் அவர். அந்தப் பிடியை உதறும் அளவுக்கு வேகமுள்ளவை மட்டும் மின்சாரத்தைச் சுமக்கும். பிடியின் பலம் எவ்வளவு? கரைசலிலும் அயனிகள் படிகத்தில் இருப்பது போலவே வரிசையாக, சம தூரத்தில் நிற்கின்றன என்று வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்குக் கை நீட்டி இடைவெளி விட்டு நிற்பார்களே, அது மாதிரி. தண்ணீர் சேர்த்தால் எல்லாரும் ஒரே சீராக விலகுவார்கள். எட்டு மடங்கு நீர்த்தால் இடைவெளி இரண்டு மடங்கு. அதாவது செறிவின் கனமூலம்.

இந்தச் சூத்திரத்தைக் கையிலிருந்த அளவீடுகளில் போட்டுப் பார்த்தபோது, பல உப்புகளுக்கு விடை வியக்கும்படி ஒத்துப்போனது. முப்பது வருடம் அடங்காத கணக்கு, கல்கத்தாவிலிருந்து ஒரு இளைஞரிடம் அடங்கியது போல் தெரிந்தது. ஐரோப்பிய அறிஞர்கள் கவனித்தார்கள். கோஷ் லண்டனில் டானன் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டு, 1921இல் புதிதாகத் தொடங்கிய டாக்கா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார்.

அப்புறம் கேள்விகள் வர ஆரம்பித்தன. தண்ணீருக்குள் அயனிகள் ஓயாமல் முட்டி மோதித் திரிகின்றன, பிரார்த்தனை வரிசையில் எப்படி நிற்கும்? கோல்ராஷ் அளந்தது வர்க்கமூலம், உங்கள் கணக்கு கனமூலம், அது எப்படி? செறிவான கரைசலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கண்ணுக்குப் படாது. மிக நீர்த்த கரைசலில் பட்டுவிடும். நாலு மடங்கு நீர்த்தாலே குறைபாடு பாதியாகிறது என்றது அளவீடு. எட்டு மடங்கு நீர்த்தால்தான் பாதியாகும் என்றது கோஷ் சூத்திரம். அளவீடுதான் ஜெயிக்கும். ஜெயித்தது.

ஒரு அடிக்குறிப்பு

1923இல் சூரிக்கில் இருந்த பீட்டர் டிபையும் அவருடைய உதவியாளர் எரிக் ஹக்கெலும் புதுக் கொள்கையை வெளியிட்டார்கள். அயனிகள் எல்லாம் முழுமையாகப் பிரிந்தே இருக்கின்றன. ஆனால் வரிசையில் நிற்கவில்லை. ஒவ்வொரு அயனியைச் சுற்றியும் எதிர் அயனிகள் சற்று அதிகமாகத் திரியும் ஒரு மேகம் இருக்கிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் நம் ஊர் அரசியல் தலைவர்தான். தலைவர் தனியாக நடக்க முடியுமா? சுற்றிலும் ஒரு கூட்டம். அவர் ஒரு அடி முன்னால் வைத்தால், கூட்டம் உடனே நகராது, பின்னால் இழுக்கும். போதாதற்கு அந்தக் கூட்டம் எதிர்த்திசையில் போகிற கூட்டம். போகும்போது சுற்றியுள்ள தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. தலைவர் எதிர்நீச்சல் போட வேண்டும். இந்த இரண்டு தடைகளையும் கணக்கிட்டால் வர்க்கமூலம் தானாக வந்து விழுந்தது.

1925இல் நார்வேயிலிருந்து லார்ஸ் ஆன்சாகர் என்ற இளைஞர் டிபையை நேரில் பார்க்கப் போனார். உங்கள் மின்கடத்தல் கணக்கில் பிழை இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னார். டிபை கோபப்படவில்லை. அவரைத் தன்னோடு வேலைக்கு வைத்துக்கொண்டார். திருத்தம் 1926இல் வெளியானது. பெண்ணின் புத்தகத்தில் மூன்று பெயர்கள் வந்த கதை இதுதான். டிபைக்கு 1936இலும், ஆன்சாகருக்கு 1968இலும் வேறு பணிகளுக்காக நோபல் பரிசு கிடைத்தது.

இனி என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம். அந்த 1923 கட்டுரையிலேயே கோஷ் இருக்கிறார். அயனிகள் படிகம் போல அடுக்கி நிற்கின்றன என்ற அவருடைய எண்ணத்தை ஏற்க முடியாது என்று டிபையும் ஹக்கெலும் எழுதுகிறார்கள். அது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் ஒரு அடிக்குறிப்பில் டிபை இன்னொன்றையும் சொல்கிறார். பௌவர் என்பவர் அங்கே இயற்பியல் சங்கத்தில் கோஷின் ஆய்வுகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார், அதைக் கேட்டுத்தான் தனக்கு இந்தச் சிந்தனைகள் தூண்டப்பட்டன என்று. கல்கத்தாவில் எழுதியது சூரிக்கில் ஒரு கூட்டத்தில் பேசப்பட்டு, அதைக் கேட்டவர் எழுந்துபோய்ச் சரியான விடையைக் கண்டுபிடித்திருக்கிறார்.

வங்கியில் ஒரு கடன் வசூலாகாது என்று முடிவானால் தள்ளுபடி செய்கிறோம். ஆனால் லெட்ஜரில் அந்தப் பதிவைக் கிழித்து எறிவதில்லை. எப்போது கொடுத்தோம், என்ன நடந்தது, எல்லாம் இருக்கும். பாடப்புத்தகத்தில் அப்படி இல்லை. கடைசியில் நின்ற விடை மட்டும் அச்சாகிறது. அதற்கு முன்னால் தைரியமாக ஒரு கணக்குப் போட்டு, பாதி சரியாகவும் பாதி தவறாகவும் சொல்லி, அடுத்தவரை யோசிக்க வைத்தவரின் பெயர் விட்டுப்போகிறது. முழுக்க அயனி என்று கோஷ் சொன்னது நின்றது. வரிசையாக நிற்கிறது என்று சொன்னது விழுந்தது. அரீனியஸுக்கும் இதேதான் நடந்தது. அயனிகள் உண்டு என்றது நின்றது, உப்பு ஒரு பங்குதான் பிரிகிறது என்றது விழுந்தது. ஒருவர் பெயரைப் பிள்ளைகள் படிக்கிறார்கள், இன்னொருவர் பெயர் மைதானத்தில் இருக்கிறது.

அதற்காக 'வெள்ளைக்காரன் ஏமாற்றிவிட்டான்' என்று கிளம்பவும் வேண்டாம். ஏமாற்றவில்லை. அச்சிலேயே சொல்லியிருக்கிறார்கள். அடிக்குறிப்புவரை படிக்காதது நாம்தான். இன்னொன்று, டிபை-ஹக்கெல் கணக்கும் மிக நீர்த்த கரைசலுக்குத்தான் சரி. கடல்நீர் அளவுக்கு உப்பு ஏறினாலே அது தடுமாறும். செறிவான கரைசல்களுக்கு எல்லாவற்றையும் அடக்கும் ஒரே கொள்கை இன்றும் கிடையாது. இந்த லெட்ஜர் இன்னும் மூடப்படவில்லை.

பிறகு என்ன ஆனார்?

கோஷ் 1939இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார், 1948 வரை இருந்தார். பிறகு கரக்பூர். இங்கே ஐ.ஐ.டி. முதலில் இயங்கிய கட்டடம், ஆங்கிலேயர் காலத்து ஹிஜ்லி தடுப்பு முகாம். 1931இல் அங்கே அடைபட்டிருந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் இறந்தார்கள். இருபது வருடம் கழித்து, 1951இல், அதே கட்டடத்தில் கோஷ் தலைமையில் வகுப்புகள் தொடங்கின. பின்னர் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர், திட்டக்குழு உறுப்பினர். 1959 ஜனவரியில் காலமானார்.

இவ்வளவு பெரிய பொறுப்புகள் வந்ததால், இளம் வயதில் போட்ட உப்புக் கணக்கு ஜனங்களுக்கு மறந்துபோயிருக்கலாம். ஊர் விட்டு ஊர் வந்து, பிள்ளைகளை நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருக்கும் நமக்கு எனக்கென்னவோ அந்தக் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது. 'தப்பாகிவிடுமோ' என்று பதிலே எழுதாமல் விட்டுவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். நெகட்டிவ் மார்க் உள்ள பரீட்சையில் அது சரி. பரீட்சைக்கு வெளியே சரியில்லை.

உங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், மின்வேதியியல் பாடத்தில் அந்த மூன்று பெயர் வரும் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் பென்சிலால் நாலாவதாக ஒரு பெயரை எழுதச் சொல்லுங்கள். கோஷ், கல்கத்தா, 1918. பரீட்சையில் கேட்க மாட்டார்கள். தெரிந்திருக்கட்டும்.